தண்ணீர்ப் பந்தலும் சோள மாளிகையும்

ஆர்.வி.யில் பயணம் போகிறவருக்கு ஊர் எதற்கு? காரில் போகிறவருக்கு எதற்கென்று சொல்லிவிடலாம். பசிக்கும், கண்ணைச் சொக்கும், பின்சீட்டுப் பிள்ளைக்கு அவசரமாக வரும். எங்காவது நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஆர்.வி.க்காரரோ அடுப்பு, கட்டில், கழிப்பறை, ஃபிரிட்ஜ் என்று வீட்டையே முதுகில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த 25 அடி வண்டியில் இட்லிப் பானைகூட இருந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் பிடிக்கவும் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் அதற்கும் நெடுஞ்சாலை ஓய்விடங்கள் சிலவற்றிலேயே இலவச வசதி உண்டு. ஆக, ஓர் ஊருக்குள்ளும் கால் வைக்காமல் ஐ-90 சாலையில் அந்த மாநிலத்தின் 400 சொச்சம் மைலையும் கடந்துவிடலாம்.

ஆனால் அப்படிக் கடப்பவரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் குறைந்தது இரண்டு இடங்களில் வண்டியை இறக்குகிறார்கள். கிழக்கே மிட்செல், மேற்கே வால். ஒன்றில் மக்காச்சோளக் கதிர்களால் வெளிச்சுவரை அலங்கரித்த மாளிகை. மற்றதில் ஒரு தெருவின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்ட மருந்துக்கடை. இடையே 220 மைல். 80 மைல் வேகத்துக்கு அனுமதி உள்ள சாலை. எங்கள் வண்டியோ 65-ஐத் தாண்டினாலே அலமாரித் தட்டுகள் எல்லாம் தாளம் போடும். அதனால் சேம்பர்லெய்னில் மிசௌரி ஆற்றைக் கடந்து, இடையில் ஒருமுறை தயிர் டப்பா உருண்டு தரையை மெழுகி, மத்திய நேரத்திலிருந்து மலை நேரத்துக்கு ஒரு மணி நேரத்தைப் பின்னால் திருப்பிவைத்து, சாவகாசமாகத்தான் போனோம்.

சாலையோர வேடிக்கைகள் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். அடுத்தடுத்த நாளில் இரண்டையும் பார்த்தபின் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்று வழிப்போக்கருக்காகவே பிறந்த வேடிக்கை. மற்றது ஊர் தனக்காக நடத்திக்கொள்வது. வழிப்போக்கர் ஓரமாக நின்று பார்க்கலாம்.

முதலில் வால். தமிழில் எழுதும்போது குரங்கு ஞாபகம்தான் வருகிறது. ஆங்கிலத்தில் அது சுவர். ஊருக்குத் தெற்கே புல்வெளி திடீரென்று அறுந்து, பேட்லேண்ட்ஸ் என்ற மண்ணரிப்பு நிலமாகச் சரிகிறது. அந்தச் செங்குத்து விளிம்பை வைத்து ஊருக்குப் பெயர். 1931 டிசம்பரில் டெட் ஹஸ்டெட் என்ற இளம் மருந்தாளுநர், அப்பா விட்டுப்போன 3,000 டாலரைப் போட்டு இங்கிருந்த மருந்துக்கடையை வாங்கினார். அப்போது ஊரில் 326 பேர். பொருளாதாரப் பெருமந்தம் ஒருபக்கம், வறட்சியும் புழுதிக் காற்றும் மறுபக்கம். மருந்து வாங்கவே காசில்லாத ஊர். ஐந்து வருஷம் பார்ப்போம், தேறாவிட்டால் கிளம்பிவிடுவோம் என்று டெட்டும் அவர் மனைவி டோரதியும் தங்களுக்குள் கெடு வைத்துக்கொண்டார்கள்.

கெடு முடியப்போகிற 1936 கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டோரதி குழந்தையைத் தூங்கவைக்கப் போனார். வெயில் ஒருபுறம், சாலையில் ஓடும் ஓட்டைக் கார்களின் இரைச்சல் மறுபுறம், தூக்கம் வரவில்லை. வேறொருவர் ஜன்னலைச் சாத்தியிருப்பார். டோரதி யோசித்தார். இவ்வளவு கார்களும் எங்கே போகின்றன? ரஷ்மோர் மலையில் அதிபர்களின் முகம் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். வாஷிங்டனின் முகம் 1930-லேயே திறக்கப்பட்டுவிட்டது. அதற்கும் அப்பால் யெல்லோஸ்டோன். இந்தப் புல்வெளியைத் தாண்டி வரும்போது அவர்களுக்கு நாக்கு வறண்டிருக்கும். நம்மிடம் ஐஸ் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் இலவசம் என்று சாலையில் பலகை வைத்தால் என்ன?

நம் ஊரில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர் புண்ணியத்துக்கு வைப்பார், இல்லாவிட்டால் கட்சிக் கொடியோடு வைப்பார். டோரதி வைத்தது கடைக்கு ஆள் வர. பர்மா ஷேவ் என்ற சவரக் களிம்புக்காரர்கள் 1925 முதல் சாலையோரம் வரிசையாகச் சிறு பலகைகள் நட்டு, ஒவ்வொன்றிலும் எதுகையோடு ஒரு துண்டு வரி எழுதிப் பிரபலமாகியிருந்தார்கள். அதே பாணியில் டெட் ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகைகளை நட்டார். திரும்பி வருவதற்குள்ளேயே கடையில் ஆட்கள் தண்ணீருக்கு நின்றார்கள் என்று பின்னாளில் அவர் சொல்வாராம். அடுத்த கோடையில் கடைக்கு எட்டுப் பெண்களை வேலைக்கு வைக்கவேண்டியிருந்தது.

அன்று முளைக்கத் தொடங்கிய பலகை இன்றும் முளைப்பதை நிறுத்தவில்லை. மின்னசோட்டா பக்கமிருந்து வரும்போதே தொடங்கிவிடுகிறது. இரண்டாம் உலகப்போருக்குப் போன ராணுவத்தினர் ஐரோப்பாவில் நட்டார்கள். தென்துருவத்தில்கூட, இன்ன கடைக்கு இத்தனை மைல் என்று ஒன்று உண்டு. லண்டன் பாதாள ரயிலில் விளம்பரம் வைத்தார்கள். லண்டனில் ரயில் ஏறுகிற யாருக்குத் தெற்கு டக்கோட்டா மருந்துக்கடையில் ஐஸ் தண்ணீர் வேண்டும்? அந்தச் சம்பந்தமில்லாமைதான் விளம்பரமே. 1965-இல் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் வந்து விளம்பரப் பலகைகளுக்குக் கட்டுப்பாடு போட்டபோது இந்தக் குடும்பத்துக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அதே பத்தாண்டில் ஐ-90 சாலையிலிருந்தே கண்ணில் படும்படி 80 அடி நீளத்தில் ஒரு டைனோசர் எழுந்தது. செய்தவர் எம்மெட் சல்லிவன். ரேப்பிட் சிட்டி குன்றின் மேல் நிற்கும் டைனோசர்களும் அவர் கைவேலைதான். டைனோசர் பலகை அல்லவே.

இன்று வால் ஊரில் 700 பேர் அளவுக்கு இருக்கிறார்கள். ஆண்டுக்கு அங்கே வந்துபோகிறவர்கள் 20 லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு ஊர்க்காரருக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் வெளியூர்க்காரர்.

இந்த இடத்தில் எனக்கு உறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கடையின் பின்முற்றத்தில் ஐஸ் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒரு வரிசை நின்றது. என் மகளும் நின்றாள். அவள் கையில் எங்கள் ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த தண்ணீர் பாட்டில், வெளியே வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் நின்றவர் கையிலும் ஒரு பெரிய குடுவை, அசைந்தால் உள்ளே ஐஸ் கடகடக்கிறது. அந்த வரிசையில் தாகம் எடுத்தவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். ஆனாலும் தாள் குவளையை நீட்டிப் பிடித்து, குடித்து, ஒருவரை ஒருவர் படமெடுத்துக்கொண்டார்கள். முந்நூறு மைலாகப் பலகை பலகையாகப் படித்துக்கொண்டு வந்த ஒரு கதையின் கடைசிப் பக்கம் அந்தக் குவளை. படிக்காமல் விட முடியுமா?

ஆகவே வால் ஊரின் வேடிக்கை கடைக்குள் தொடங்குவதில்லை. சாலையில் நடந்து முடிந்து, கடையில் வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறது. கடைக்குள் இருப்பதெல்லாம் அதற்குமேல் தூவிய மிளகுத்தூள். முயல் உடம்பில் மான்கொம்பு வைத்த ஜாக்கலோப் என்னும் கற்பனை மிருகம், பிள்ளைகள் ஏறி உட்காரும் அளவில். அவ்வப்போது புகையோடு உறுமும் டி-ரெக்ஸ். கௌபாய் பூட்ஸ், ஒரு குட்டிப் பிரார்த்தனைக் கூடம். உணவுக்கூடத்துச் சுவர்களில் மட்டும் மேற்குநிலத்து ஓவியங்களின் ஒரு நல்ல தொகுப்பு. அதை அண்ணாந்து பார்த்தவர்கள் சிலர்தான். டோனட்டுக்கு நீண்ட வரிசை. காபி இன்னும் ஐந்து சென்ட்.

மிட்செலின் கதை வேறு மாதிரித் தொடங்குகிறது. மில்வாக்கி ரயில் கம்பெனியின் தலைவர் அலெக்சாண்டர் மிட்செலின் பெயரை வைத்துக்கொண்ட ரயில் ஊர் அது. 1880-களில் ரயில் போட்ட வேகத்தில் முளைத்த இப்படிப்பட்ட ஊர்களுக்கெல்லாம் ஒரே கவலை. இந்தச் சமவெளியைப் பாலைவனம் என்று முந்தைய தலைமுறை வரைபடத்திலேயே எழுதிவைத்திருந்தது. இங்கே பயிர் விளையும், நம்பி வந்து குடியேறு என்று கிழக்கத்திக்காரனுக்கு எப்படிச் சொல்வது? விளைந்ததையே அள்ளிக் கட்டடத்தின் மேல் ஒட்டிக் காட்டினார்கள். 1887-இல் அயோவாவின் சூ சிட்டி முதலில் சோள மாளிகை கட்டியது. அதைப் பார்த்து ஊருக்கு ஊர் போட்டி. க்ரெஸ்டனில் புல் மாளிகை, ஆட்டம்வாவில் நிலக்கரி மாளிகை. ஃபாரஸ்ட் சிட்டியில் ஆளிவிதைச் செடியால் ஒரு மாளிகை. அந்த ஃபாரஸ்ட் சிட்டிதான் பின்னாளில் வின்னபேகோ என்ற ஆர்.வி. வண்டிகளின் பிறந்த ஊர் ஆனது. அங்கே மாளிகை போய் வண்டி வந்தது.

மிட்செல் 1892-இல் கட்டியது. மற்ற ஊர்கள் நாலைந்து வருஷத்தில் களைத்துப்போய் விட்டுவிட, இது மட்டும் விடவில்லை. 1904-இல் மாநிலத் தலைநகரைப் பியர் நகரிடமிருந்து பறித்துவிடலாம் என்று ஆசைப்பட்டு, அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு ஜான் ஃபிலிப் சூசாவின் புகழ்பெற்ற பேண்டு வாத்தியக் குழுவையே அழைத்தார்கள். சேறும் சகதியுமாகக் கிடந்த தெருவைப் பார்த்த சூசா, பணத்தை முதலில் எண்ணி வையுங்கள், பிறகு ரயிலைவிட்டு இறங்குகிறேன் என்றாராம். ஊரில் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை. தலைநகரம் கிடைக்கவில்லை. மாளிகை மட்டும் 1905-இல் ஒருமுறை, 1921-இல் ஒருமுறை என்று பெரிதாகிக்கொண்டே போனது. இப்போதிருக்கும் கட்டடம் 1921-இன் கட்டடம்; திரையரங்கங்கள் கட்டிப் பேர்போன சிகாகோவின் ராப் அண்ட் ராப் வரைந்தது. மூரியப் பாணிக் குவிமாடங்களும் மினார்களும் 1937-இல் ஏறின. புல்வெளி ஊரின் கடைத்தெருவில் திடீரென்று ஒரு குவிமாடம் எழுந்து நிற்பதைப் பார்த்தால், ஏதோ சினிமா செட்டை வண்டியேற்ற மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

வெளியூர்க்காரனைக் கூப்பிடுவதில் இரண்டு ஊரும் ஒன்றுதானே என்று கேட்கலாம். கூப்பிட்ட விதத்தில் வித்தியாசம் இருக்கிறது. வந்து இரு என்றது மிட்செல். வந்துவிட்டுப் போ என்றது வால். முன்னது நல்ல மழையின் பெருமை. பின்னது வறட்சியின் பிள்ளை. 1936-இல் மழை பெய்து ஊர் செழித்திருந்தால் டோரதிக்கு ஐஸ் தண்ணீர் தோன்றியே இருக்காது. 2006-இல் கடும் வறட்சி வந்தபோது மிட்செலில் அந்த ஆண்டுச் சோளச் சித்திரத்தைப் புதுப்பிக்க முடியவில்லை. பழையதையே வைத்துக்கொண்டு இருந்தார்கள். தெற்கு டக்கோட்டாவின் வானத்தை நம்பியிருக்கும் வேடிக்கை ஒன்று, அது கைவிட்டபோது பிழைக்கக் கண்டுபிடித்த வேடிக்கை இன்னொன்று.

சோளச் சித்திரத்தைத் தள்ளி நின்று பார்ப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை, படத்தில் பார்த்ததுதான். சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். கதிரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் உள்ளே இருக்கும்படி பலகையில் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். அடியில் கறுப்புத் தார்த்தாள். அதில் படத்தின் கோடுகளும் எந்த இடத்தில் எந்த நிறக் கதிர் என்ற குறியும் முன்கூட்டியே வரைந்திருக்கும். பன்னிரண்டு நிறங்கள், எதிலும் சாயம் இல்லை. கறுப்பு, கருஞ்சிவப்பு, நீலம், வெள்ளை, ஆரஞ்சு, பலநிறம் கலந்த ஒன்று. ஒரு நிறத்தின் மகரந்தம் இன்னொன்றில் விழுந்தால் கலப்பாகிவிடும் என்பதால் நிறத்துக்கு ஒரு வயல் என்று தள்ளித் தள்ளிப் பயிரிடுகிறார்கள். ஓரக் கரைகளுக்கு ரை தாளும், டாக் என்னும் செம்பழுப்பு நிறக் களைச்செடியும். எல்லாமாக ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கதிர்கள், ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவு.

நாங்கள் போனது ஆகஸ்டு. அந்தச் சித்திரத்துக்கு அது கடைசிக்காலம். ஒரு குதிரையின் கழுத்துப் பக்கம் முத்தெல்லாம் உதிர்ந்து வெறும் சக்கை தெரிந்தது. என் தலைக்கு மேல் ஒரு சிட்டுக்குருவி ஏதோ ஒரு முகத்தின் தாடையைக் கொத்திக்கொண்டிருந்தது. யாரும் விரட்டவில்லை. உலகத்திலேயே பெரிய பறவைத் தீனித் தட்டு என்று ஊர்க்காரர்களே கேலி செய்வது வழக்கம். ஒரு வருஷம் கண்ணுக்கு, அப்புறம் குருவிக்கு.

1948 முதல் 1971 வரை இந்தச் சித்திரங்களை வடிவமைத்தவர் ஆஸ்கர் ஹவ். க்ரோ க்ரீக் பழங்குடி ஒதுக்கிடத்தில் 1915-இல் பிறந்த டக்கோட்டா இன ஓவியர். 1958-இல், இது மரபான அமெரிக்க இந்திய ஓவியமாக இல்லையே என்று ஓர் அருங்காட்சியகப் போட்டியில் அவருடைய படத்தைத் தள்ளியபோது, எங்கள் கலை எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் யார் சொல்ல என்ற கோபத்தோடு அவர் எழுதிய கடிதம் அமெரிக்கப் பழங்குடிக் கலை வரலாற்றில் ஒரு திருப்பம். அந்த மனிதர்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் குடியேறிகளின் விளைச்சல் பெருமையைச் சோளத்தில் வரைந்துகொடுத்தார். இதில் ஒரு முரண் இருப்பதாகச் சட்டென்று தோன்றும். ஆனால் அதே மிட்செலின் ஏரிக்கரையில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழங்குடிக் கிராமம் ஒன்றைத் தோண்டியெடுத்து, மேலே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கிராமத்தாரும் மக்காச்சோளம்தான் பயிரிட்டார்கள். சோளம் யாருடையது என்று பார்த்தால் ரயிலில் வந்தவர்களுடையது அல்ல.

மாளிகையின் உள்ளே போனால் முதலில் ஏமாற்றம். நுழைவுக் கட்டணம் கிடையாது என்பது சந்தோஷம்தான். கூடம் நிறைய மேசை போட்டுச் சட்டை, தொப்பி, காந்த ஒட்டி, பாப்கார்ன் உருண்டை. இதற்கா வந்தோம் என்று சலித்துக்கொண்டு குனிந்தபோது மேசைக் காலுக்கடியில் ஒரு வளைகோடு ஓடுவது தெரிந்தது. பளபளக்கும் மரத்தரை. நான் நின்றுகொண்டிருந்தது கூடைப்பந்து மைதானம்.

பயணிகளுக்குக் கோடை மட்டும்தான் தெரியும். பயணிகள் வற்றிய பிறகு மேசைகள் போய்விடும். மிட்செல் உயர்நிலைப் பள்ளியும் டக்கோட்டா வெஸ்லியன் பல்கலைக்கழகமும் இதைத் தங்கள் சொந்த மைதானமாக வைத்து ஆடுகின்றன. மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். பள்ளி அணியின் பெயர் கெர்னல்ஸ், அதாவது சோள முத்துகள். சோள முத்துகள் தோற்றன, சோள முத்துகள் நசுக்கின என்றெல்லாம் மறுநாள் பேச்சு இருக்கும்போல. பின்னாளில் என்.பி.ஏ.யில் மயாமி ஹீட் அணியோடு இரண்டு கோப்பை வென்ற மைக் மில்லர் இந்தச் சோள முத்துகளில் ஒருவர். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர், உள்ளே ஊர் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் ஒரு ஜனவரி இரவில்தான் இந்தக் கட்டடம் தன் வேலையைச் செய்கிறது. அப்போது எங்களைப் போன்ற ஆர்.வி.க்காரர்கள் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும் என்று பயந்து அரிசோனா போயிருப்போம். ஆகஸ்டு கடைசியில் தெருவையே அடைத்து நடக்கும் திருவிழாவுக்கு ஒரு காலத்தில் லாரன்ஸ் வெல்க், பாப் ஹோப் போன்ற நட்சத்திரங்கள் எல்லாம் வந்திருக்கிறார்கள். அதுவும் முதலில் அக்கம்பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்குத்தான்.

மாளிகை நகராட்சிச் சொத்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருந்துக்கடை ஒரு குடும்பத்துச் சொத்து. மிட்செலில் குவிமாடத்துக்கு விளக்குப் போடுவதென்றாலும் ஊர் கூடி வாதாடலாம். வாலில் முதலாளி முடிவெடுத்தால் டைனோசர் வந்துவிடும். வேகம் அங்கேதான் அதிகம், மறுக்கவில்லை.

மிட்செலில் அன்று சாயங்காலம் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், முகாமில் பக்கத்து வண்டிக்காரர் சொன்னதைக் கேட்டு, காட்வெல் பார்க் போனோம். மாநில அமெச்சூர் பேஸ்பால் போட்டி அங்கே நடந்துகொண்டிருந்தது. இதில் ஆடுகிறவர்கள் சம்பளக்காரர்கள் அல்ல. பகலெல்லாம் டிராக்டர் ஓட்டியவர், பள்ளி ஆசிரியர், தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறவர், விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பையன். நூறு பேர் அளவே உள்ள கனோவா மாதிரி ஊருக்கும் தனி அணி உண்டு. ஊர் ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்கு மைதானத்தில் நிற்கும். மிச்சம் கேலரியில் உட்கார்ந்திருக்கும்.

கேலரிக்கு அடியில் சூரியகாந்தி விதைத் தோல் பாய்போல் பரவிக் கிடந்தது. வாயின் ஒரு பக்கத்தில் விதையைப் போட்டு, நாக்கால் பிளந்து, மறுபக்கம் தோலைத் துப்பிக்கொண்டே ஆட்டக்காரரைத் திட்டுகிற லாவகம் வெற்றிலை போடுகிறவர்களுக்குத்தான் புரியும். கொஞ்சம் தள்ளி ஒருவர் காகிதப் படகில் வைத்துச் சிஸ்லிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்டிறைச்சியையோ மாட்டிறைச்சியையோ சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி எண்ணெயில் பொரித்து, பூண்டு உப்புத் தூவி, உப்பு பிஸ்கட்டோடு தின்பது. ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பண்டம். 2018-இல் மாநிலத்தின் அதிகாரபூர்வக் கொறிப்பாக அறிவித்துவிட்டார்கள். என் மனைவி ஒரு துண்டு வாயில் போட்டு, மிளகுதான் குறைச்சல் என்றாள்.

முன்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி திரும்பி எங்களைப் பார்த்தார். எந்த ஊர், எங்கிருந்து வருகிறீர்கள் என்ற வழக்கமான கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு: "எந்தப் பையனோட வீட்டுக்காரங்க நீங்க?"

யாருடைய வீட்டாரும் இல்லை என்றேன். சும்மா பார்க்க வந்தோம். அவர் ஒரு நொடி யோசித்தார். அப்படியானால் நீலச் சட்டைக்குக் கைதட்டுங்கள், மூன்றாவது பேஸில் நிற்பவன் என் பேரன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். பிறகு எங்களை அவர் கண்டுகொள்ளவே இல்லை. பந்து, பேரன், விதை. அப்படி ஒருவர் நம்மை மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருப்பதற்கு ஒரு சுகம் இருக்கிறது. ஏழாவது இன்னிங்ஸில் கிளம்ப வேண்டியதாயிற்று. முகாமில் பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஜெனரேட்டரை அணைத்துவிட வேண்டும், வண்டியை நகர்த்தக் கூடாது.

வாலில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். அங்கே வருகிற எல்லோருமே யாருடைய வீட்டாரும் இல்லாதவர்கள். டோனட் எடுத்துக் கொடுத்த பையனே வெளிநாட்டு மாணவன்; கோடை முழுக்க இங்கே வேலை செய்துவிட்டுப் போகிறவன். வந்தவனுக்கு வந்தவன் பரிமாறுகிற ஊர். மாலை மங்கி, கடைசிக் கார் கிளம்பிக் கதவைச் சாத்தினால், தெரு அப்படியே வற்றிவிடுகிறது. அந்த 700 பேர் பொழுதுபோக்குக்கு எங்கே போகிறார்கள் என்று நான் தேடிப் பார்த்தேன். எனக்குக் காட்டுவதற்கென்று அவர்கள் எதையும் வைத்திருக்கவில்லை. அவர்களுடைய வேடிக்கை நாங்கள்தானோ என்னவோ.

இதனால் வாலைத் தாழ்த்திச் சொல்வதாக நினைக்கக் கூடாது. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புதுமணத் தம்பதிக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் காபியும் டோனட்டும் இலவசம். ஒரு காலத்தில் இந்தப் பட்டியலில் ஏவுகணைப் பணியாளர்களும் இருந்தார்கள். பனிப்போர்க் காலத்தில் 1963 தொடங்கி இந்தப் புல்வெளிக்கு அடியில் 150 மினிட்மேன் அணுகுண்டு ஏவுகணைகளைப் புதைத்து வைத்திருந்தது அமெரிக்க விமானப்படை. வாலுக்குக் கிழக்கே ஆறு மைலில் டெல்டா-09 என்ற குழி இன்னும் இருக்கிறது. மேலே கண்ணாடி மூடி போட்டு, எட்டிப்பார்க்க விட்டிருக்கிறார்கள். நிலத்துக்கு அடியில் ஓர் இரும்பு அறைக்குள் இரண்டு பேர் நாள் முழுக்கச் சாவியோடு காத்திருந்துவிட்டு மேலே வருவார்கள். வருகிற வழியில் இந்தக் கடை. உலகத்தை அழிக்கிற வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு ஒரு டோனட். சர்க்கரைப் பாகு விரலில் ஒட்டியிருக்கும். யார், எந்த ஊர் என்று கேட்காமல் கொடுப்பதற்கு வழிப்போக்கருக்கென்றே இருக்கும் கடையால்தான் முடியும். மிட்செலில் அவன் முதலில் யாருடைய பையன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனாலும் இன்னொரு ராத்திரி மிச்சமிருந்தால் எங்கே வண்டியை நிறுத்துவாய் என்று என்னைக் கேட்டால், யோசிக்க மாட்டேன். காட்வெல் பார்க்கின் வெளிச்சக் கம்பத்துக்கடியில்தான்.

வாலைப் பார்த்த மறுநாள் காலை அங்கிருந்து ரேப்பிட் சிட்டி பக்கம் கிளம்பினோம். எங்களுக்கான பலகைகள் அதோடு முடிந்துவிட்டன. எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கான பலகைகள் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தன. கட்டையும் சட்டமும் துருப்பிடித்த போல்ட்டும். சிலவற்றின் இடுக்கில் பறவைக் கூடு. ஒவ்வொன்றையும் கடந்த பிறகு மகள் பக்கக் கண்ணாடியில் எட்டிப்பார்த்து, இடவலம் மாறிப்போன எழுத்துகளைக் கூட்டிப் படிக்க முயன்றாள். ஐஸ் என்ற ஒன்று மட்டும் பிடிபட்டது. நாலைந்து பலகைக்குப் பிறகு அலுத்துவிட்டது.

"அப்பா, முந்தாநாள் நீலச் சட்டைக்காரங்க ஜெயிச்சாங்களா?"

போனை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். சிக்னல் இல்லை.